பத்மநாபபுரம் கோட்டை: அம்மா, அத்தையோடு ஒரு நாள். எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: தஞ்சைக்காரன்

வேலைக்காக நாகர்கோவில் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு ராத்திரி அம்மாவும் அத்தையும் ஊரிலிருந்து வருகிறார்கள். திங்கட்கிழமை லீவு போட்டு இருவரையும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அத்தை சுத்த சைவம், அம்மாவுக்கோ மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானம் எங்கே சாப்பிடுவது?

பதில்: குளச்சல் மணி

திங்கட்கிழமை அரண்மனை அடைப்பு தம்பி. லீவைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள்.

பதில்: கோட்டைக்குள் வீடு

மணி அண்ணன் முந்திக்கொண்டார். நான் கோட்டைக்குள்ளேயே பிறந்தவன். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி, அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அரண்மனை ஆறரை ஏக்கர்தான். சுற்றி ஓடும் கருங்கல் மதில் நாலு கிலோமீட்டர். அதற்குள்தான் எங்கள் வீடுகளும், சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டக்காரர்கள் ஏழாவதாக வந்து கும்பிடும் நீலகண்டசாமி கோவிலும் இருக்கின்றன. 1795-ல் திருவிதாங்கூர்த் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரம் போனது, நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம்.

காலை ஒன்பதுக்கே போய் நில்லுங்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டு, இரண்டுக்குத்தான் மறுபடி டிக்கெட் கொடுப்பார்கள். இடம் நம் கன்னியாகுமரி மாவட்டம் என்றாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை, அதனால் ஓணம் லீவு நாளில் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

செருப்பை வெளியே விட வேண்டும். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்திலிருந்து, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகலானது, செங்குத்து. எங்கள் ஆச்சியை நாங்கள் ஏற விடவில்லை. பூமுகத்திலேயே உட்கார்ந்து, மேல்கூரையில் செதுக்கிய தொண்ணூறு பூக்களை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதுக்கு மேல் கணக்கு தப்பிவிட்டது என்று எங்களையே திட்டினாள். அம்மாவும் அப்படி உட்காரட்டும், பக்கத்தில் தொங்கும் குதிரை விளக்கையும் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், ஊட்டுப்புரையை, அதாவது சாப்பாட்டுக் கூடத்தை, அவசரமாகக் கடக்காதீர்கள். மேலே ஆயிரம், கீழே ஆயிரம் என்று இரண்டு தளத்திலும் இலை போட்ட இடம். நீளவாக்கில் ஓடும் அந்த வெறும் தரையில் நின்றால், பந்தி எழுந்துபோன கல்யாண வீடு மாதிரிதான் எனக்குத் தோன்றும். ஊறுகாய்ச் சாடிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இப்போது கோட்டைக்குள் நிறைவாகச் சாப்பிட வேண்டுமென்றால் நடக்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தக்கலைக்கு வாருங்கள்.

பதில்: தக்கலை அக்கா

சாப்பாட்டு விஷயத்துக்கு நான் வருகிறேன். மத்தியானம் இரண்டு பேரையும் சைவக் கடைக்கே கூட்டிப் போங்கள். ஒரே மேசையில் மீனையும் வைத்து அத்தையைச் சங்கடப்படுத்த வேண்டாம். சம்பா அரிசிச் சோறு வாங்குங்கள். முதலில் பருப்பு ஊற்றி, பப்படத்தை அதன்மேல் நொறுக்கிப் பிசைய வேண்டும். கடைசியில் புளிசேரி, நம் மோர்க்குழம்பு மாதிரி. நடுவில் தீயலும் (வறுத்த தேங்காய்க் குழம்பு) அவியலும் இருந்தால் விடாதீர்கள். தஞ்சாவூர் நாக்குக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை முதல் இரண்டு வாய் உறுத்தும், அப்புறம் சரியாகிவிடும்.

அம்மாவுக்குக் கடனைச் சாயங்காலம் தீர்த்துவிடலாம்: மயக்கிய (வேகவைத்து மசித்த) மரச்சீனிக்கிழங்கு, சாளை மீன் போட்ட புளிமுளம் குழம்பு. அத்தைக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு.

பதில்: குளச்சல் மணி

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் எங்கள் குளச்சல் சண்டையில் பிடிபட்ட, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777-ல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். பெரிய ஏற்றம் கிடையாது, அம்மா மெல்ல நடந்துவிடலாம்.

தஞ்சைக்காரன்:

லீவைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன், எல்லாருக்கும் நன்றி. அத்தைக்குப் போனில் சொன்னேன். டிலனாயை விட்டுவிட்டு, தீயலுக்கு என்ன காய் போடுவார்கள் என்று கேட்கிறார்.

தக்கலை அக்கா:

சின்ன வெங்காயம். நாங்கள் உள்ளி என்போம். தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்து அரைக்க வேண்டும், கரிய விடக் கூடாது. மீதியை அத்தையிடம் நேரில் சொல்கிறேன், வீட்டுக்கே கூட்டி வாருங்கள்.