ஹப்டன்: ‘கொளுவி’ எனலாமா?

அண்ணை, வணக்கம்.

ஹப்டனுக்கு, அதாவது தனியே பிறபொருளெதிரியை உருவாக்காமல் புரதத்தில் பிணைத்தால் மட்டும் உருவாக்குகிற சிறு மூலக்கூறுக்கு, நீங்கள் சொன்ன ‘குறைப் பிறபொருளெதிரியாக்கி’ என்ற தமிழ்ப் பெயரை நேற்று இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், மூச்சு முட்டிவிட்டது. அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் ஆக்குகிற புரதமான அன்டிபொடிக்கு நாங்கள் ஏ.எல். (உயர்தர) படித்த காலத்திலிருந்து பிறபொருளெதிரி என்று பழகிவிட்டோம், தமிழ்நாட்டில் எதிர்ப்பொருள் என்பார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ‘குறை’தான் உறுத்துகிறது.

டிஜிற்றாலிஸ் செடியிலிருந்து வரும் இதய மருந்து டிஜொக்சினையே எடுங்கள். அதன் மூலக்கூற்று நிறை வெறும் 781. அதைத் தனியே முயலுக்கு ஏற்றினால் உடல் கண்டுகொள்ளாது. அதனால்தான் 1967இல் ஆய்வாளர்கள் பட்லரும் சென்னும் அதை அல்புமின் புரதத்தில் பிணைத்து ஏற்றினார்கள், அப்போதுதான் பிறபொருளெதிரி உருவானது. ஆனால் ஒருமுறை உருவாகிவிட்டால் புரதத் துணை இல்லாத வெறும் டிஜொக்சினையும் அது இறுகப் பிடிக்கும். இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் அளவில் இருக்கிற மருந்தை ஆய்வுகூடத்தில் அளக்க முடிவது இதனால்தானே. அப்படிப் பிடிபடுகிற பொருளில் என்ன குறை?

நோயெதிர்ப்பு ஆய்வாளர் லான்ட்ஸ்ரைனர் ‘ஹப்டன்’ என்ற பெயரை வைத்ததே ‘பற்றிக்கொள்’ என்ற கிரேக்க வினையிலிருந்து. எங்களிடம் அதற்கு அச்சொட்டான வினை இருக்கிறது, சட்டையை ஆணியில் கொளுவு என்று தினமும் சொல்கிறோம். ஆகவே என் முன்மொழிவு: கொளுவி. கொளுக்கி வேண்டாம், அது மாங்காய் பறிக்கிற தடியின் நுனியில் இருக்கிறது. ஏந்துகிற புரதம் தாங்கிப் புரதமாகவே இருக்கட்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. வேலியோரத்து மஞ்சள் அலரியின் நஞ்சு டிஜொக்சினுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரம். டிஜொக்சினே எடுக்காத ஆளுக்கும் அலரி நஞ்சு ஏறியிருந்தால் டிஜொக்சின் சோதனை ‘இருக்கிறது’ என்று காட்டலாம். அதே உறவால்தான் டிஜொக்சின் பிறபொருளெதிரித் துண்டுகள் அலரி நஞ்சுக்கும் மாற்று மருந்தாகின்றன, கொழும்பில் செய்த ஆய்வு 2000இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. ஒன்றுக்கு உருவான பிறபொருளெதிரி அதைப் போன்ற இன்னொன்றையும் இப்படிப் பிடிப்பதைக் ‘குறுக்குத் தாக்கம்’ என்று எழுதுகிறோம், மாணவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ‘மாறிக் கொளுவல்’ என்றால் சட்டைக் கொளுக்கியை இடம் மாறிக் கொளுவிய ஞாபகமாவது வரும்.

எழுத்துத்தான் பிரச்சினை. இங்கே பலர் ‘கொழுவு’ என்று எழுதுகிறோம், அகராதியில் ளகரம். நான் ளகரத்தின் பக்கம், ஏனென்றால் ‘கொழுவல்’ என்று போட்டால் ஊரில் யாரோ சண்டை பிடித்ததாக நினைப்பார்கள்.