கூரைக்கு சோலாரா, பாய்லரைப் பார்ப்பதா?

கடலூர்க்காரன்:
சிப்காட்டில் சாய இடைப்பொருள் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலையில் பராமரிப்பு என் பொறுப்பு. மணிக்கு 3 டன் நீராவி தரும் நிலக்கரி பாய்லர், 7 பார் அழுத்தம். வெளிநாட்டு வாடிக்கையாளர் எங்கள் கரியமில வாயுக் கணக்கைக் கேட்டதிலிருந்து, கூரை முழுக்க சோலார் போட வேண்டும் என்று முதலாளி துடிக்கிறார். அதுதான் முதல் வேலையா?

பழைய பாய்லர் ஆள்:
தம்பி, சோலார் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது மின் கட்டணத்தைக் குறைக்குமே தவிர, புகைபோக்கியைத் தொடாது. நீங்கள் நிலக்கரி எரிப்பது நீராவிக்காக. ரியாக்டர் ஜாக்கெட்டிலிருந்து, அதாவது கலனைச் சூடாக்க நீராவி ஓடும் வெளியுறையிலிருந்து, வரும் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து ஆன வெந்நீர்) எங்கே போகிறது? 7 பார் நீராவியின் வெப்பத்தில் ஏறத்தாழ கால்பங்கு அந்த வெந்நீரில்தான் இருக்கிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால் எவ்வளவு என்று முதலாளியையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து, ஸ்டீம் டிராப்புகள், அதாவது நீராவியை விடாமல் கண்டென்சேட்டை மட்டும் வெளியேற்றும் வால்வுகள். வெளியேற்றும் குழாயின் வாயைக் கவனியுங்கள். விளிம்பிலேயே வெள்ளையாக, சோம்பலாக ஆவி எழுந்தால் பயமில்லை. வெந்நீர் அழுத்தம் குறைந்து ஆவியாகிறது, அவ்வளவுதான். விளிம்பை ஒட்டி ஓரிரு அங்குலம் எதுவுமே தெரியாமல், அதற்கப்பால் வெண்மை தொடங்கிச் சீறினால், நல்ல நீராவி தப்பிப் போகிறது. தெரியாத அந்த இடத்தில் கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள், வெந்துவிடும்.

கடலூர்க்காரன்:
கண்டென்சேட் முழுவதும் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போகிறது ஐயா. ஜாக்கெட் ஓட்டையாகி அமிலம் கலந்தால் பாய்லர் குழாய்கள் அரித்துவிடும் என்று ஆபரேட்டர் அதைப் பாய்லருக்குத் திருப்பிவிட மறுக்கிறார். குளிர்விக்கும்போது அதே ஜாக்கெட்டில் குளிர்நீரும் ஓடுகிறது.

பழைய பாய்லர் ஆள்:
அவர் பயப்படுவது நியாயம். அவரை மாற்ற நினைக்காதீர்கள், குழாயை மாற்றுங்கள். திரும்பும் குழாயில், அமிலம் கலந்தால் காட்டும் பிஎச் மீட்டரும், உப்பு கலந்தால் காட்டும் கடத்துத்திறன் மீட்டரும் வையுங்கள். அளவு மீறினால் மும்முனை வால்வு தானாகவே கழிவுக்குத் திருப்பிவிட வேண்டும். குளிர்நீரிலிருந்து நீராவிக்கு மாறும்போது முதலில் வருவதையும் அப்படியே வெளியேற்றுங்கள்.

தணிக்கைக்காரி:
ஒன்று விட்டுப்போனது. உங்கள் கழிவுநீரை ஆவியாக்கியில் வற்றவைக்கிறீர்களா? அப்படியானால் சுத்தமான தண்ணீரைக் கழிவில் கலந்து, அதை வற்றவைக்க மறுபடியும் நீராவி செலவழிக்கிறீர்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை நிலக்கரி. வாடிக்கையாளருக்கு அனுப்பும் கணக்கில் பாய்லர் புகை நேரடி உமிழ்வாகவும் வாங்கும் மின்சாரம் தனியாகவும் வரும்; இரண்டையும் பிரித்து முதலாளியிடம் காட்டுங்கள்.