மறு: பழைய லென்ஸைப் புரட்டிப் போடுவதற்கு ஒரு சொல் வேண்டும்

கும்பகோணம், திங்கள் இரவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இருபது மாணவர்களுக்குப் பழைய கேமரா லென்ஸ்களைப் பிரித்து மாற்றிப் பூட்டக் கற்றுத்தரப் போகிறேன். கையில் கொடுக்க எட்டுப் பக்கக் குறிப்பு, முழுக்கத் தமிழில். உள்ளே எல்லாம் எழுதியாயிற்று. தலைப்புதான் நிற்கிறது. இந்த வேலைக்கே தமிழில் பெயர் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹீலியோஸ் 44-2 என்று சோவியத் காலத்து லென்ஸ் ஒன்று உண்டு. 58 மி.மீ., ஜெர்மானிய பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது, நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். முன்னால் பெயர் பொறித்த வளையத்தின்மேல் சைக்கிள் டியூப் துண்டை வைத்து அழுத்தித் திருகினால் கழன்று வரும். அடியில் இன்னொரு வளையம், எதிரெதிரே இரண்டு பள்ளத்தோடு. அதைக் கவைபோன்ற சாவியால் எடுத்துவிட்டு லென்ஸை மெல்லக் கவிழ்த்தால் முன்கண்ணாடி உள்ளங்கையில் வந்து விழும். சில்லென்று இருக்கும், பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமாக இருக்கும். அதிகம் குவிந்த முகம் வெளியே பார்த்தபடி இருந்தது. அதை உள்ளே பார்க்கும்படி புரட்டி வைத்து மறுபடி பூட்டினால் வேலை முடிந்தது.

படம் எப்படி மாறும் என்றால், நடுவில் இருப்பவர் ஓரளவு தெளிவாக நிற்பார், ஓரம் எல்லாம் கரைந்துவிடும், பின்னால் இலை இடுக்கில் தெரியும் வெளிச்சப் புள்ளிகள் அவரைச் சுற்றி வளைய வரும். புரட்டாத ஹீலியோஸிலேயே இந்தச் சுழற்சி கொஞ்சம் உண்டு. சாய்வாக வரும் ஒளிக்கற்றையை லென்ஸ் குழலின் விளிம்பு வெட்டிவிடுவதால் ஓரத்துப் புள்ளிகள் வட்டமாக விழாமல் எலுமிச்சைபோல நீண்டு விழுகின்றன. புரட்டினால் ஓரத்துப் பிறழ்ச்சிகளும், அதாவது ஒளி ஒரே இடத்தில் சரியாகக் குவியாத பிழைகளும், சேர்ந்து கூடிவிடுகின்றன. அரசலாற்றுப் படித்துறையில், புங்கமரத்தடியில் என் அத்தையை உட்காரவைத்து எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்துல சுழி போடற மாதிரி இருக்குடி" என்றார்.

தலைப்பாக "வில்லைத் திருத்தம்" என்று எழுதினேன். எழுதியதிலிருந்து உறுத்துகிறது. திருத்தம் என்றால் பிழையைப் போக்குவது. நாம் செய்வதோ, கணக்குப் போட்டு ஒருவர் அடக்கிவைத்த பிழையை அவிழ்த்துவிடுவது. வேறு சொல் தாருங்கள்.

மயிலாடுதுறை, செவ்வாய் காலை

அம்மா, உங்கள் உறுத்தல் நியாயம். கழனி திருத்துவது, கையெழுத்தைத் திருத்துவது எல்லாமே செம்மையை நோக்கிப் போகும் வினைகள். இங்கே பொருந்தாது.

சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை. நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சி என்று பாடநூலிலேயே இருக்கின்றன. தாழ், தாழ்த்து, வீழ், வீழ்த்து, ஆழ், ஆழ்த்து. அந்த வாய்பாட்டில் பிறழ், பிறழ்த்து. ஒளி தானே பிறழ்ந்தால் தன்வினை, நாம் வேண்டுமென்றே பிறழச் செய்தால் பிறவினை. "வில்லை பிறழ்த்தல்" என்று போடுங்கள். இடையில் ப் வேண்டாம். வில்லையைப் பிறழ்த்தல் என்று விரிகிற இரண்டாம் வேற்றுமைத் தொகை, கனி தின்றான் என்பதுபோல வலி மிகாது.

இன்னொன்று. கடிதத் தலைப்பில் லென்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். குறிப்பில் அது வேண்டாம். லத்தீன்காரர்கள் தங்கள் மைசூர்ப் பருப்பைப் பார்த்து அதன் பெயரையே கண்ணாடிக்கு வைத்தார்கள். நாம் சம்பா அறுப்பை ஒட்டி உளுந்தும் பயறும் தெளிக்கிறவர்கள். இருந்தும் பருப்பிலிருந்து பெயர் எடுக்கவில்லை, வடிவத்திலிருந்து எடுத்தோம். சந்தன வில்லை, மருந்து வில்லை, டவாலிச் சேவகர் மார்பில் பித்தளை வில்லை. இதற்கு வேர் வில் என்பதே என் நாற்பதாண்டுக் கருத்து. குவிவில்லையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், இரண்டு வில்கள் நாண் பக்கம் ஒட்டி நிற்கும். வில், வில்லை, விலகு, விலா என்று ஒரு குடும்பமே வளைவைச் சுட்டுகிறது. இதைத் தனியாக எழுதுகிறேன்.

மன்னார்குடி, செவ்வாய் மதியம்

ஐயா, தட்டையாக உருட்டித் தட்டிய சந்தன வில்லையில் வில் எங்கே இருக்கிறது? கண்ணாடி வருவதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்திருக்கிறதே.

அதைவிட முக்கியமானது. நான் நீதிமன்றத்தில் காலம் கழிக்கிறவன். பிறழ் சாட்சி என்ற சொல்லை வாரம் பத்துத் தடவை கேட்கிறேன். போலீசில் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்கிறவர். மருத்துவமனைக்குப் போனால் மனப்பிறழ்வு. பிறழ் என்று எங்கே வந்தாலும் கூடவே ஒரு குற்றமோ நோயோ வருகிறது. ஆசையாகக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு முதல் பக்கத்திலேயே அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டாம். இலக்கணப்படி சரிதான், மறுக்கவில்லை. காதுக்குச் சரியில்லை.

புரட்டு என்று சுருக்கலாம் என நினைத்தேன், அது இன்னும் மோசம். "வில்லைப் புரட்டு" என்றால் ஏதோ மோசடி என்று படிப்பார்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருஷமாக ஸ்டூடியோவும் கேமரா ரிப்பேரும் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்து தை பிறந்தால் போதும், "லென்ஸ்ல பூசணம் பிடிச்சிருக்கு" என்று வரிசையாக வருவார்கள். வில்லையில் பூசணம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஐயாமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற பையன் திங்கட்கிழமை என் கடைக்கு வருவான். அவன் சொல்வது எனக்கும் நான் சொல்வது அவனுக்கும் புரிய வேண்டும். தமிழில் லென்ஸ் என்று எழுதினால் அது தமிழ்ச் சொல் ஆகாதா?

அப்புறம், புரட்டுவதையே எல்லாரும் பேசுகிறீர்கள். அது பல வேலைகளில் ஒன்று. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைக்குப் பக்கத்தில் நீள்வட்டமாக வெட்டிய அட்டையைச் செருகினால் பின்னால் உள்ள வெளிச்சம் எல்லாம் முட்டை முட்டையாக விழும், சினிமா லென்ஸ்போல. தூண்டில் நைலான் நரம்பை லென்ஸுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினால் வண்டி விளக்கிலிருந்து ஒரு கோடு பாயும். ஸ்லைடு புரொஜக்டரிலிருந்து கழற்றிய மூன்று கண்ணாடி லென்ஸைக் கேமராவில் மாட்டினால் பின்புலத்தில் சோப்பு நுரைக் குமிழி. நீங்கள் வைக்கிற பெயருக்குள் இத்தனையும் அடங்க வேண்டும்.

குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஹீலியோஸ் 42 மி.மீ. மரை லென்ஸ். அது உட்காரும் இடத்திலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். நிக்கான் பழைய பாடியில் அந்தத் தூரமே 46.5. அதனால் நடுவில் கூடுதல் கண்ணாடி இல்லாமல் தூரத்துப் பொருள் தெளியாது. கேனான் எஸ்.எல்.ஆர். 44, சோனி மிரர்லெஸ் 18, இரண்டிலும் இடையில் ஒரு இணைப்பு வளையம் போட்டால் போதும். இதை முன்பே சொல்லாவிட்டால் பாதிப் பேர் கோயில் கோபுரம் மங்கலாக வருகிறது என்று உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்புல மங்கலைப் பொக்கே என்கிறார்கள். என் கடையில் பொக்கே என்றால் வரவேற்பில் பெண் கையில் வைத்திருக்கும் பூங்கொத்து. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

நாகப்பட்டினம், புதன் காலை

அண்ணன் பொக்கே என்றதும் எனக்குத் தோன்றியது இது. அது ஜப்பானியச் சொல். நம் புகை, பேச்சில் பொகை. புகைந்தால் மங்கும். பொகை, பொகே. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று ஆண்டுக்கணக்காக எழுதியவர். நம் பொங்கலும் அவர்களுடைய சனவரிப் பண்டிகையும் ஒத்துப்போவதைக்கூட எடுத்துக் காட்டினார். அப்படியானால் பொக்கே கடன் வாங்கிய சொல்லே இல்லை, வீட்டுக்குத் திரும்பி வந்த சொல். புகைமை, புகைவு, புகர் என்று பார்க்கலாம். புகர் என்றால் மங்கிய நிறமும் உண்டு, யானை முகத்துப் புள்ளியும் உண்டு. புகர்முக யானை என்று படித்திருக்கிறோமே. வெளிச்சப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் படத்துக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

மன்னார்குடி, புதன் காலை

புகர் அழகான சொல், அதை எடுத்து வைத்துக்கொள்வோம். பொகைதான் உதைக்கிறது. ஜப்பானியத்தில் மங்குவதையும் மூப்பில் நினைவு தடுமாறுவதையும் குறிக்கிற ஒரு வினை உண்டு, பொக்கே அதிலிருந்து வந்தது. 1997-இல் ஓர் அமெரிக்கப் புகைப்பட இதழ் கடைசியில் ஒரு ஹெச் சேர்த்து எழுதி அதைப் பரப்பியது. ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பலர் ஏற்கவுமில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

திருவாரூர், புதன் மாலை

எங்கள் அப்பா நகை ஆசாரி. பழைய வளையலைக் கொண்டுவந்து கொடுத்து "அழிச்சுப் பண்ணிக் குடுங்க" என்பார்கள். பொன் அதேதான், வடிவம் புதிது. அழித்துச் செய்தல் என்று வைத்தால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும். யாரும் அகராதி பார்க்க வேண்டாம்.

தஞ்சாவூர், புதன் மாலை

விளங்கும் அம்மா, ஆனால் இதில் எதையும் அழிப்பதில்லை. பிடிக்காவிட்டால் அந்தக் கண்ணாடியைத் திரும்பவும் பழையபடி புரட்டி வைத்துக்கொள்ளலாம். அழித்துச் செய்தல் என்று பெயர் வைத்தால் தாத்தா லென்ஸை எடுத்துக்கொண்டு வர எவனும் பயப்படுவான்.

திருவையாறு, புதன் இரவு

மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிழை, பிறழ்ச்சி என்றே பேசுகிறோம். தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்துப் பாருங்கள், சுரம் துல்லியமாக இருக்கும், தோடி போய்விடும். அந்த அசைவை யாரும் சுருதிப் பிழை என்பதில்லை, கமகம் என்கிறோம். அத்தை படத்தில் இலைகள் சுழல்வதும் அப்படித்தான். வேண்டும் என்று செய்கிற ஒன்றுக்குக் குற்றத்தின் பெயரை வைக்கக் கூடாது என்பதில் நான் மன்னார்குடிக்காரர் பக்கம்.

எங்கள் பக்கம் வீணைக்கு மேளம் கட்டுவது என்று ஒரு வேலை உண்டு. பழைய மெழுகை எடுத்துவிட்டு, புது மெழுகு வார்த்து, தந்தியை விரலால் அழுத்தும் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காது வைத்து நிறுத்துவார்கள். மரம் பழையது, தந்தி பழையது, கட்டு புதிது. மயிரிழை நகர்ந்தாலும் நாதம் மாறும். லென்ஸ் குழலுக்குள் கண்ணாடிகள் நிற்பதும் ஒரு கட்டுதான். அதை மாற்றுகிறோம். மாற்றுக்கட்டு. புரட்டுவது, அட்டை செருகுவது, நரம்பு இழுப்பது, புரொஜக்டர் லென்ஸைக் கொண்டுவந்து மாட்டுவது எல்லாமே இதில் அடங்கும். பாட்டுக் கட்டுகிறோம், லாரிக்கு பாடி கட்டுகிறோம், ஆற்றுக்கு அணை கட்டுகிறோம். கைவேலை செய்கிறவர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்.

நாகப்பட்டினம், வியாழன் காலை

மாற்றுக்கட்டு என்றதும் எனக்கு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது நினைவுக்கு வருகிறது.

திருவாரூர், வியாழன் காலை

அது கட்டு மாற்றுவது. இது மாற்றுக்கட்டு. மாற்றுப்பாதை என்றால் யாராவது குழம்புகிறார்களா? எனக்கு இது சரி.

மயிலாடுதுறை, வியாழன் மதியம்

கடிசொல் இல்லைக் காலத்துப் படினே, காலத்துக்கு ஏற்றால் எந்தச் சொல்லும் விலக்கில்லை என்று தொல்காப்பியர் சொன்னதை யாராவது எடுத்துப் போடுவதற்குள் நானே போட்டுவிடுகிறேன். புதுச்சொல்லை நான் எதிர்க்கவில்லை. 1916-இல் சேலத்தில் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்கப் பரிபாஷைச் சங்கம் தொடங்கியபோதும் புரிய வேண்டுமா, துல்லியமாக இருக்க வேண்டுமா என்றுதான் மோதிக்கொண்டார்கள். என் கவலை ஒன்றுதான். மாற்றுக்கட்டு என்பது கையின் வேலையைச் சொல்கிறது, ஒளிக்கு என்ன ஆகிறது என்று சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தாலும் கட்டுவதுதானே? பிறழ்த்தல் என்றால் விளைவும் சேர்ந்து வருகிறது. பாடநூலில் பிறழ்ச்சி படித்த மாணவன் இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வான். பிறழ் சாட்சிக்காக இயற்பியல் ஏன் ஒரு நல்ல வேரைக் கைவிட வேண்டும்?

கும்பகோணம், வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. பதினொன்றரை ஆகிறது, குறிப்புக் கோப்பினை இப்போது அனுப்பினால்தான் காலையில் அச்சுத் தட்டில் ஏறும்.

தலைப்பு: "பழைய லென்ஸும் மாற்றுக்கட்டும்". திருவையாறு, திருவாரூர், மன்னார்குடி மூன்றும் அதன் பக்கம். தஞ்சாவூர் அண்ணன் லென்ஸ் என்று இருந்தால் போதும் என்று தொலைபேசியில் சொன்னார். முதல் பக்கத்தில் ஒருமுறை "லென்ஸ், அதாவது வில்லை" என்று எழுதியிருக்கிறேன், அதன்பிறகு லென்ஸ்தான். ஐயா மன்னிக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒளி என்ன ஆகிறது என்று விளக்கும் இடத்தில் பிறழ்த்தல் உங்கள் சொல்லாகவே இருக்கிறது, ப் இல்லாமல்.

மங்கலுக்கு முடிவு எட்டவில்லை. பின்மங்கல் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பொக்கே என்று சேர்த்தேன். புகரைப் போட மனம் இருந்தது, விளக்க அரைப்பக்கம் தேவைப்பட்டது. ஆனால் சுழலும் மங்கலுக்கு யாரும் சண்டை போடவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அத்தை சொன்ன சுழியையே வைத்துவிட்டேன், சுழிமங்கல். 1840-இல் பெட்ஸ்வால் வியன்னாவில் வடிவமைத்த லென்ஸின் படங்களிலும் இதே சுழி இருக்கிறது, அதையும் அந்தச் சொல்லாலேயே எழுதியிருக்கிறேன். துளையை எஃப் 5.6-க்குச் சுருக்கினால் "சுழி அடங்கும்". எழுதும்போது வெள்ளம் வடிந்த ஆறு கண்முன் வந்தது.

மயிலாடுதுறை, வெள்ளி காலை

சுழிமங்கல் நன்று. அதற்கு மறுப்பில்லை. மாற்றுக்கட்டை ஏற்கவில்லை என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வில், வில்லை பற்றிய கட்டுரை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

சைக்கிள் டியூப் இருபது துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். கவைச் சாவி இரண்டுதான் இருக்கிறது, மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். சனிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறவர் யாராவது வாங்கிப் போங்கள்.