புதுப்பிப்பு: காலையில் ஸ்டார்ட் ஆகாத லொறி

போன கிழமை எழுதியிருந்தேன்: எங்கள் பழைய டீசல் லொறி இரவு நிறுத்தினால் விடிய ஸ்டார்ட் ஆகாது, பில்டருக்கு மேலிருக்கும் கைப்பம்பை இருபது முப்பது தரம் அடித்தால்தான் உயிர் வரும். டீசலை எஞ்சினுக்கு அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்பைக் கழற்றச் சொல்லிப் பலர் எழுதினீர்கள். நல்லவேளை, கழற்றவில்லை.

கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை வந்து பார்த்தார். "தம்பி, முதல் டாங்கியை விலத்திப் பாப்பம்" என்றார். ஒரு கானில் டீசல் ஊற்றி, இன்ஜெக்டர் பம்பை விட உயரத்தில் கட்டி, தனிக் குழாயால் நேரே கொடுத்தோம். குழாயில் நின்ற காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப, உடனே பிடித்தது. அப்ப இன்ஜெக்டர் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நொசிலும் சரி. பிழை அதற்கு முன்னால்.

பிறகு பழைய இணைப்பைப் பூட்டி, டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் பீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் போட்டார். டீசலோடு சின்னச் சின்னக் குமிழிகள் ஓடிவந்தன! லொறியின் அடிச்சட்டமான சசியில் கிளிப் பிடிக்கும் இடத்தில் ரப்பர் குழாய் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை, அதுதான் என்னை ஏமாற்றியது. உறிஞ்சும் பக்கம் டீசலை வெளியே விடாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அந்தக் காற்றால் இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும், அதுதான் விடியக் கைப்பம்பை அடிக்க வேண்டியிருந்தது.

குழாய், இரண்டு கிளிப், செப்பு வாசர்கள் மாற்றினோம். நாலு நாளாக முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. டாங்கியின் அடியில் சேறு இருக்கிறது, ஞாயிறு இறக்கிக் கழுவ வேண்டும்.