நேர்மை உறுதிமொழியில் முதலில் கையெழுத்திட வேண்டியவர் யார்?

தென்பெண்ணை எழுதியது:

புதுச்சேரியின் சேதராப்பட்டில் ஏறத்தாழ 140 பேர் வேலை செய்யும் ஒரு மருந்துத் தொழிற்கூடத்தில் தரப்பிரிவைக் கவனித்து வருகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் பணியாளர் அனைவரும் ஒரு நேர்மை உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று எங்கள் உரிமையாளர் விரும்புகிறார். வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூன்றே வரிகள் எழுதியிருக்கிறேன்: பார்க்காத அளவை எழுத மாட்டேன், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகக் காட்ட மாட்டேன், பிறர் அவ்வாறு செய்வதைக் கண்டால் மறைக்க மாட்டேன்.

நான் இதை மனமார ஆதரிக்கிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் மாணவர்களே முன்வந்து, தேர்வறையில் கண்காணிப்பாளர் வேண்டாம், எங்கள் சொல்லை நம்புங்கள் என்று கேட்டு இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எங்கள் கூடத்திலும் ஒவ்வொரு தராசுக்கும் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்த முடியாது. இரவு இரண்டு மணிக்கு மாத்திரை கரையும் நேரத்தைக் குறிப்பவர் உண்மையில் கடிகாரத்தைப் பார்த்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு பேட்ச் ஏட்டின் (ஒரே தடவையில் தயாராகும் மருந்துத் தொகுதியின் பதிவேடு) தலைப்பிலும் இந்த உறுதிமொழியை அச்சிட்டு, வேலையைத் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கலாம் என்றும் நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை, வழியில்தான் உடன்பாடில்லை. கடலூரில் இரசாயனத் தொழிற்சாலைகளில் 22 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்சங்கத்திலும் இருந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000-ஆம் ஆண்டில் 64 பக்கங்களில் நன்னெறிக் கையேடு அச்சிட்டுத் தன் ஊழியர்களுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் திவாலானது. நம் நாட்டில், பெயரிலேயே சத்தியத்தை வைத்திருந்த சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் 2008-இல் நல்ல நிர்வாகத்துக்காக விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். அந்த இரண்டு இடங்களிலும் பொய் கீழிருந்து மேலே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். திருட்டும் மோசடியும் குற்றம் என்பது 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளிலேயே (தொழிற்சாலைப் பணி விதிகளிலேயே) இருந்தது. புதிதாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினால், நாளை ஏதாவது நடக்கும்போது 'அவன் உறுதிமொழியை மீறிவிட்டான்' என்று சொல்லி நிர்வாகம் கை கழுவிக்கொள்ள வசதியாகும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்ணால் கண்டபடி சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மணிக்கொரு முறை அமிலத்தன்மையை (pH) அளந்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். வெளியேறும் நீர் 5.5-க்கும் 9.0-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனபோது மீட்டரின் கண்ணாடி முனை மூடிக்குள் உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்தது. இரவு முழுவதும் அது நீரில் இறங்கவே இல்லை. புத்தகத்திலோ 7.2, 7.1, 7.2 என்று எட்டு அளவுகள், ஒரே பேனாவில், ஒரே சாய்வில். எழுதியவன் ஒப்பந்தத் தொழிலாளி. மீட்டர் பழுதென்று முந்தைய வாரமே அவன் சொல்லியிருந்தான். 'கட்டத்தைக் காலியாக விடாதே' என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். உங்கள் மூன்று வரிகளில் அவன் எந்த வரியை மீறினான், அவனை மீற வைத்தவர் எந்த வரியை மீறினார், சொல்லுங்கள்.

தென்பெண்ணை எழுதியது:

நீங்கள் சொன்ன நிகழ்வு என் மூன்றாவது வரியைத்தான் வலுப்படுத்துகிறது, ஐயா. மறைக்க மாட்டேன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால், மீட்டர் பழுதானது அந்த வாரமே மேலே போயிருக்கும். பெரிய நிறுவனங்களின் வீழ்ச்சியைக் காட்டி உறுதிமொழியே வீண் என்பது, விபத்து நடக்கிறது என்பதற்காக ஓட்டுநர் உரிமமே வேண்டாம் என்பது போல இருக்கிறது. 64 பக்கக் கையேட்டை யாரும் படித்திருக்க மாட்டார்கள். மூன்று வரிகளை மறக்க முடியாது. சென்ற ஆண்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், ஈரப்பத அளவு கூடியிருப்பதாகச் சொல்லி ஒரு பேட்ச்சை நிறுத்தினார். யாரும் அவரை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. இந்த மனநிலையை எல்லோருடைய பொதுச் சொத்தாக்கவே எழுத்து வேண்டும் என்கிறேன்.

பேரேடு எழுதியது:

புதுச்சேரியில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். இருவரிடமும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

முதலில் தென்பெண்ணை ஐயாவுக்கு: ஏட்டின் தலைப்பில் முதலிலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் பொய் எழுதுவது குறையும் என்ற கருத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வால் பரவியது. வாகனக் காப்பீட்டுப் படிவங்களில் ஓட்டிய தூரத்தை எழுதுவதை வைத்தும் அதில் ஒரு சோதனை இருந்தது. அதே ஆய்வாளர்கள் 2020-இல் மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2021-இல் அந்தக் காப்பீட்டுத் தரவே இட்டுக்கட்டியது என்று வெளிப்பட்டு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே பொய்க் கணக்கு! ஆகவே தலைப்பில் அச்சிடும் செலவை மிச்சப்படுத்துங்கள்.

கெடிலக்கரை ஐயாவுக்கு: எழுத்தே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். எழுத்தில் இல்லாத பாதுகாப்பு, கேட்கும்போது கிடைக்காது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு, முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழியையும் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குபவை, வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் பெற்றவை ஆகியவற்றுக்கு மட்டுமே. இங்கே புதுச்சேரியின் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் உள்ள சிறு கூடங்களில் பெரும்பாலானவை இதற்குள் வராது. சட்டம் எட்டாத இடத்தில் நிர்வாகம் தானே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. என் கேள்வி, அந்தத் தாளில் நிர்வாகம் எங்கே கையெழுத்திடுகிறது என்பதே. மூன்று வரிகளும் 'மாட்டேன்' என்று முடிகின்றன. மூன்றும் தொழிலாளி சொல்வது. முதலாளி சொல்லும் 'மாட்டேன்' ஒன்றுகூட இல்லையே?

இரவு ஷிப்ட் எழுதியது:

நான் இப்போதும் ஒப்பந்தத்தில் இருப்பவன். மறைக்க மாட்டேன் என்று கையெழுத்திடச் சொன்னால் இட்டுவிடுவேன், இடாவிட்டால் கேட்டுக்குள் விட மாட்டார்கள். ஆனால் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னால், மறுநாள் காண்ட்ராக்டர் போன் செய்து 'உனக்கு இந்த வாரம் வேலையில்லை' என்பார். காரணம் சொல்ல மாட்டார்; கேட்கவும் முடியாது. நிரந்தரப் பணியாளர்களோடு ஒரே தாளில் எங்களையும் கையெழுத்திடச் செய்வது சமத்துவம் போலத் தெரியும், அப்படி இல்லை.

தென்பெண்ணை எழுதியது:

இரவு ஷிப்ட் தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. பேட்ச்சை நிறுத்திய அந்தப் பெண் நிரந்தரப் பணியாளர் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்க இராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டின் நெறியிலும் பிறர் தவறைப் பொறுத்துக்கொள்ளாதே என்ற கூறு உண்டு. 1976-இல் அங்கே அறைக்கு எடுத்துச் சென்று தனியாக எழுதித் தர வேண்டிய மின்பொறியியல் தேர்வில் பலர் சேர்ந்து விடை எழுதியது வெளிப்பட்டு, 150-க்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர்களில் பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சமமானவர்களுக்குள்ளேயே காட்டிக்கொடுப்பது அவ்வளவு கடினம் என்றால், மேலிருப்பவரைப் பற்றிக் கீழிருப்பவர் சொல்வது எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும் உறுதிமொழியைக் கைவிட மாட்டேன். நான்காவதாக ஒரு வரியை, உரிமையாளரும் மேலாளர்களும் மட்டும் கையெழுத்திடுவதாகச் சேர்க்கிறேன்: 'அளக்க முடியாத நிலையில் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை எழுதியவர் எவருடைய வேலைக்கும் கூலிக்கும் குறை வர விட மாட்டேன், அவர் ஒப்பந்தத்தில் இருந்தாலும்.'

கெடிலக்கரை எழுதியது:

அந்த நான்காவது வரியை முதல் வரியாக்குங்கள். அதற்குப் பிறகும் நான் முழுதாக உடன்படவில்லை. ஒப்பந்தக்காரர் உங்கள் உரிமையாளரின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவருடனான ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்காவிட்டால் இரவு ஷிப்ட் தம்பிக்கு அந்தப் போன் வரத்தான் செய்யும்.

முன்பு பாதியில் விட்ட ஒன்றை முடித்துவிடுகிறேன். அந்த லாக் புத்தகத்தில் எட்டு அளவுகளுக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று காலை மீட்டர் காய்ந்திருந்ததைப் பார்த்த பிறகும் அதில் கையெழுத்திட்டவன் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. ஆடிட் அடுத்த நாள், புது மீட்டர் கேட்டு எழுதினால் பழையது எப்போதிலிருந்து பழுது என்ற கேள்வி வரும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. உறுதிமொழித் தாள் அன்று இருந்திருந்தால் என் கை நின்றிருக்குமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நின்றிருக்கும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மாற்று மீட்டர் ஒன்று அலமாரியில் இருந்திருந்தால் நின்றிருக்கும்.

தென்பெண்ணை எழுதியது:

நன்றி, ஐயா. நாளை உரிமையாளரைச் சந்திக்கிறேன். திருத்திய வாசகத்துடன், ஒப்பந்தக்காரருக்கான ஷரத்தையும், இரண்டு மாற்று மீட்டர்களுக்கும் ஒரு தராசுக்குமான விலைப்புள்ளியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறேன். எதில் அவர் கையெழுத்திட்டார் என்பதை இங்கேயே வந்து எழுதுகிறேன்.