மாலத்தீவின் தலா வருமானம்: அங்கே இருந்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ரிசார்ட் கணக்குப்பிள்ளை

போன வாரம் ஊரில் டீக்கடையில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மாலத்தீவுல ஆளுக்கு வருஷம் 12,000 டாலருக்கு மேல வருமானமாம், நம்மளப் போல நாலஞ்சு மடங்கு. நீங்க ஏழு வருஷம் இருந்துட்டு வந்து ஏன் இந்தப் பழைய வண்டியில சுத்துறீங்க?" என்று கேட்டான். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, கணக்குப் பார்ப்பவன் புத்தி.

எண் பொய்யில்லை. 1980களின் தொடக்கத்தில் சில நூறு டாலராக இருந்தது, 2000 வாக்கில் 2,000 டாலரைத் தாண்டியது, 2019இல் 10,000ஐயும் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் 1972இல்தான் குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் திறந்தார்கள். அந்த வருடம் வந்த பயணிகள் ஆயிரத்துச் சொச்சம். 2023இல் 18 லட்சத்துக்கும் மேல். ஐந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் 2014 முதல் 2021 வரை ஒரு ரிசார்ட்டில் கணக்குப் பார்த்தேன். ஒரு வில்லாவுக்கு ஒரு இரவு 1,500 டாலர் என்று பில் போட்டால், அதில் டீசல், இறைச்சி, காய்கறி, துண்டு, சோப்பு என்று வெளியிலிருந்து வாங்கியதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம்தான் அந்த நாட்டின் உற்பத்தி. அந்த மிச்சத்திலிருந்து சம்பளமும் தீவுக் குத்தகையும் வரியும் அங்கேயே தங்கும். வட்டியும் லாபமும் முதலாளி எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டுக்குப் போய்விடும். உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் அது உண்டு, தேசிய வருமானக் கணக்கில் கழிந்துவிடும். இரண்டையும் மக்கள் தலை எண்ணிக்கையால் வகுத்து "தலா வருமானம்" என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பம்.

சரி, நான் பார்த்தது கணக்குப் புத்தகத்தின் வழியாக. அங்கே வேறு வேலையில் இருந்தவர்கள், அந்த ஊர் மக்களோடு பழகியவர்கள் எழுதுங்கள்.

நாகர்கோவில் வாத்தியார்

தம்பி, நான் 1992இல் வடக்கே ஒரு சின்னத் தீவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேன், 2013இல் திரும்பினேன். ஆண்டு தோறும் அந்த எண் ஏறியதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

போன புதிதில் ஜெனரேட்டர் சாயங்காலம் சில மணி நேரம்தான் ஓடும். ஆண்கள் எல்லோரும் சூரை மீன் பிடிக்கப் போவார்கள். வலை கிடையாது, கழியும் தூண்டிலும்தான், ஒவ்வொன்றாகத் தூக்கி எறிவார்கள், பார்க்க அவ்வளவு அழகு. 1974க்குப் பிறகுதான் அவர்கள் தோணிகளுக்கு இயந்திரம் பூட்டத் தொடங்கினார்கள் என்று தலைமையாசிரியர் சொல்வார், அதற்கு முன் பாயும் துடுப்பும். சில வருடங்களில் ஒரு விஷயம் கவனித்தேன்: என் வகுப்புப் பையன்களின் அப்பாக்கள் தீவில் இல்லை. ரிசார்ட்டுகளில் வேலை. மாதம் ஒருமுறை, சில பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். வீட்டில் குளிர்பெட்டி வந்தது, தொலைக்காட்சி வந்தது, அப்பா இல்லை. பெற்றோர் கூட்டம் போட்டால் அம்மாக்கள் மட்டும்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், நாம் ஏழை நாடா, இல்லையா?" ஐக்கிய நாடுகள் சபையின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்த காலம் அது. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அப்புறம் 2004 டிசம்பர் 20 அன்று அந்தப் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்கலாம் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆறே நாள். 26ஆம் தேதி சுனாமி. எங்கள் தீவில் முழங்கால் அளவுத் தண்ணீரோடு போயிற்று, கிணறுகள் உப்பாகிவிட்டன, அவ்வளவுதான். ரா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் கன்டோல்ஹுதூ என்ற தீவு வாழவே முடியாமல் போய், அந்த மக்கள் பல வருடம் தற்காலிகக் குடில்களில் இருந்துவிட்டுப் பிறகு துவாஃபரு என்ற வேறொரு தீவில் குடியேறினார்கள். நாட்டின் ஒரு வருட உற்பத்தியில் 62 சதவீதம் அளவுக்குச் சேதம் என்று கணக்கிட்டார்கள். பட்டியலை விட்டு வெளியேறுவதும் தள்ளிப்போய், 2011 ஜனவரி 1 அன்றுதான் நடந்தது.

வெளியேறியதற்கு மீனவர்கள் கொடுத்த விலையை யாரும் பேசுவதில்லை. ஏழை நாடு என்ற சலுகையில் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சூரை மீனுக்கு 2014 முதல் சுங்கவரி. தலா வருமானத்தை ஏற்றியது ரிசார்ட், வரி கட்டியது தூண்டில்காரன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் என்பதால் கணக்கோடு. 2011 ஏப்ரலில் அந்த நாட்டு நாணயமான ரூஃபியாவின் மதிப்பை இறங்க விட்டார்கள். ஒரு டாலர் 12.85 ரூஃபியாவாக இருந்தது, சீக்கிரமே 15.42 ஆயிற்று. 7,710 ரூஃபியா சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 600 டாலர், பிறகு 500 டாலர். வேலை அதே வேலை, கரும்பலகை அதே கரும்பலகை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. வங்கியில் டாலர் கேட்டால் இத்தனைதான் என்று அளந்து கொடுப்பார்கள், மிச்சத்துக்கு வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும். யாரிடம் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

கொழும்பு மாசிக்கடை

நாங்கள் மாலைதீவு என்றுதான் எழுதுவோம், திருத்த வராதீர்கள்.

புறக்கோட்டையில் அப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. 1960களில் மாலைதீவுக்காரர் மாசி, அதாவது காய்ந்து இறுகிய சூரைக் கருவாடு, கொண்டுவந்து போட்டுவிட்டு அரிசி, சீனி, துணி வாங்கிக்கொண்டு போவார்களாம். தேங்காய்ச் சம்பலுக்கு மாசி இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது, அவர்களுக்கோ கொழும்பை விட்டால் வேறு சந்தை இல்லை. 70களின் தொடக்கத்தில் இங்கே அந்நியச் செலாவணி இல்லை என்று இறக்குமதியை வெட்டியபோது, "பாவம், அந்தச் சனம் என்ன செய்யப் போகுதோ" என்று அப்பா கவலைப்பட்டாராம். அதே நேரத்தில்தான் ஜப்பான்காரருக்குப் பச்சை மீனாக விற்கத் தொடங்கினார்கள், உல்லாசப் பயணமும் வந்து சேர்ந்தது. நாங்கள் கதவைச் சாத்தியதால்தான் அவர்கள் வேறு கதவைத் தேடிப் போனார்கள் என்று அப்பா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது எங்கள் தலா வருமானம் அவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். போன வருடம் கடைக்கு வந்த மாலைதீவுக் குடும்பம் ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பிலேயே வீடு எடுத்து இருப்பதாகச் சொன்னது. மாசி விலையைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "எங்கள் ஊரைவிட மலிவு" என்றார். அவர்கள் ஊர் மாசி.

தோணிக்காரர் மகன்

தூத்துக்குடி. அப்பா தோணியில் தண்டல், அதாவது தலைமை மாலுமி. நான் சரக்கு ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கிறேன்.

ஒரு நாட்டின் வருமானம் ஏறுகிறதா என்று தெரிய எங்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டாம், தலைநகர் மாலேவுக்கு எந்தச் சரக்கு கேட்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அப்பா காலத்தில் வெங்காயமும் அரிசியும் கருப்பட்டியும். அப்புறம் செங்கல், ஜல்லி, சிமெண்ட் என்று மாறியது. மாலேயில் மாடி மேல் மாடி எழும்பிய காலம். கல்லும் மணலும் கிடைக்காத பவளத்தீவு, வீடு கட்ட எல்லாம் கடல் தாண்டித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் கடலுக்கடியில் பவளப் பாறையை உடைத்தே வீடு கட்டுவார்களாம்.

இங்கே வெங்காய ஏற்றுமதியை அரசு நிறுத்தினாலும் மாலத்தீவுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு உண்டு. 1981 வர்த்தக ஒப்பந்தத்தின்படி வருடா வருடம் முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, சர்க்கரை, பருப்பு, ஆற்று மணல், ஜல்லி வரை இத்தனை டன் என்று எழுதிக் கொடுப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தோணி போகாது, அந்த மாதங்களில் காய்கறி விலையைக் கேட்டால் தலை சுற்றும். 12,000 டாலர் என்று படிக்கும்போது அங்கே ஒரு முருங்கைக்காய் என்ன விலை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தந்தூரி மாஸ்டர்

வாத்தியார் சாருக்கு வணக்கம். உங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் எனக்கு மேலதிகாரியாக இருந்திருக்கலாம், யார் கண்டது.

நான் ரிசார்ட் சமையலறையில் ஒன்பது வருடம். எங்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்று, சர்வீஸ் சார்ஜ் ஒன்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெள்ளைக்காரக் கூட்டம், அப்போது சர்வீஸ் சார்ஜ் சம்பளத்தைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் பாதிகூட வராது. அதனால் "மாத வருமானம் எவ்வளவு" என்று வீட்டில் கேட்டால் எனக்கே தெரியாது, வானத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் விமானம் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் சாப்பிட்ட கூடத்தில் நாங்களே நாற்பது பேர் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டோம். கடல் அதே நீலம்தான், பார்க்க ஆளில்லை. முதல் மாதம் பாதிச் சம்பளம், இரண்டாம் மாதம் "பார்க்கலாம்" என்றார்கள். ஜூன் மாதம் கடற்படையின் ஜலஷ்வா கப்பலில் 700 பேரோடு தூத்துக்குடியில் வந்து இறங்கினேன். அந்த வருடம் மாலத்தீவின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டதாகப் பிறகு படித்தேன். மூன்றில் ஒரு பங்கு என்பது சராசரி, எனக்கு மூன்றில் மூன்றும் போயிற்று. ஜூலை 15 அன்று மறுபடி எல்லையைத் திறந்தார்கள், அடுத்த வருடமே எண் துள்ளி எழுந்துவிட்டது. என்னைத் திரும்பக் கூப்பிட்டது 2021 அக்டோபரில்தான், அதுவும் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக.

அங்கத்துப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் கூட வேலை பார்த்தவனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். ஆனால் மாலேயில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கொடுத்தே பாதிக்கு மேல் போய்விடும், அதில் அவன், மனைவி, குழந்தை, மனைவியின் தங்கை, ஊரிலிருந்து படிக்க வந்த இரண்டு பேர். "நீ ஊரில் வீடு கட்டிவிட்டாய், நான் பத்து வருடமாக வீட்டுக்காரனுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்பான். அவன் சொன்னதுதான் சரி.

ரிசார்ட் கணக்குப்பிள்ளை

மாஸ்டர், நீங்கள் வீடு கட்டிய விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலாளியின் லாபம் வெளியே போனால் அவர்கள் தேசிய வருமானத்தில் கழிப்பார்கள் என்று எழுதினேன் அல்லவா? நீங்கள் ஊருக்கு அனுப்பியதைக் கழிக்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் கணக்கில் நீங்களும் அந்த நாட்டுவாசி, உங்கள் சம்பளம் அந்த நாட்டின் வருமானம், அனுப்பியது நீங்களாகக் கொடுத்த நன்கொடை மாதிரி. ஆக உங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் மாலத்தீவின் தலா வருமானத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

குமாரபுரம் நர்ஸ்

திருவனந்தபுரத்தில் வேலை. இங்கே மருத்துவமனையைச் சுற்றி மாலத்தீவுக் குடும்பங்கள் வாடகைக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2012இல் ஆசந்தா என்ற மருத்துவக் காப்பீடு வந்த பிறகு அவர்கள் அரசே செலவைக் கொடுக்கிறது. ஒரு பாட்டி டயாலிசிஸுக்கு வருவார், "எங்கள் அம்மா காலத்தில் காய்ச்சல் வந்தால் தோணியில் ஏற்றி மாலே போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்" என்று கையை விரித்துக் காட்டுவார். எண்ணைக் கேலி செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கொத்தனார்

அண்ணன்மாரே, எல்லாம் படித்தேன். நான் ராமநாதபுரம், மாலேவுக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் கட்டட வேலை. ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கிடைத்தது ஒன்று, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

2022 செப்டம்பரில் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தார்கள். எங்கள் அறையில் நான்கு பேர் தமிழ், மிச்சம் பங்களாதேஷ். மொத்தம் 14 பேர், 9 கட்டில். பகல் ஷிப்ட் எழுந்தால் ராத்திரி ஷிப்ட் படுக்கும். அந்தக் கணக்கில் நாட்டில் இருந்தவர்கள் 5,15,000 பேர், அதில் ஏறக்குறைய 1,32,000 பேர் எங்களைப் போல வெளிநாட்டுக்காரர்கள் என்று பிறகு சொன்னார்கள். கால் பங்கு நாங்கள்.

வந்த பெண் பொறுமையாகப் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். 13 என்று கூட்டிக் கையெழுத்து வாங்கினார். அவர் படி இறங்கிப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒருவன் கான்கிரீட் போடப் போயிருந்தான், அவனை யாரும் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன். எங்கள் மேஸ்திரி தடுத்துவிட்டார்: "விடுடா, ஒரு தலை குறைஞ்சா அவங்களுக்கு வருமானம் கூடும்."