எவரெஸ்ட் த்ரீ பாஸஸ் 18 நாள்ல முடியுமா? பிளான பாத்து சொல்லுங்க

கோவை_நடையன்:
வணக்கங்க. வர்ற அக்டோபர்ல நேபாள் போய் கும்பு (எவரெஸ்ட் இருக்க ஏரியா) பக்கம் த்ரீ பாஸஸ் (கொங்மா லா, சோ லா, ரெஞ்சோ லான்னு மூணு கணவாய தாண்டுற நடை, லான்னா கணவாய்) பண்ணலாம்னு நாலு பேரு இருக்கோம். யாருக்கும் மலை புதுசில்லீங்க, வெள்ளியங்கிரி வருஷா வருஷம் போறோம், குமார பர்வதா ஒரே நாள்ல ஏறி எறங்கிருக்கோம், போன வருஷம் சிக்கிம்ல கோய்ச்சா லா முதல் வியூபாயிண்ட் வரைக்கும் போனோம், அது ஒரு 4,600 மீட்டர் வரும், அதுக்கு மேல யாரும் போனதில்ல.

லீவு மொத்தம் 18 நாள். முத ரெண்டு நாள் காட்மாண்டு, அப்புறம் ராமேச்சாப் போய் ஃப்ளைட் புடிச்சு லுக்லா, அன்னைக்கே பாக்டிங். 4ஆம் நாள் நாம்சே, 5 அங்கயே ரெஸ்ட், 6 தெங்போச்சே, 7 டிங்போச்சே, 8 சுக்குங், 9 கொங்மா லா தாண்டி லோபூச்சே, 10 கோரக் ஷெப் போய் பேஸ் கேம்ப், 11 காலையில காலா பத்தர் ஏறிட்டு ஜொங்லா, 12 சோ லா தாண்டி தக்நாக், 13 கோக்யோ, 14 காலையில கோக்யோ ரி ஏறிட்டு அப்படியே ரெஞ்சோ லா தாண்டி லுங்டென், 15 நாம்சே, 16 லுக்லா, 17 காட்மாண்டு, 18 ஊரு.

கைடு வேணுமா, டயமாக்ஸ் (ஒசரத்துல வர்ற நோய்க்கான மாத்திர) போடணுமா, கொங்மா லால இருந்து ஆரம்பிக்கறதா ரெஞ்சோ லால இருந்தா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. எதாச்சும் தப்பா இருந்தா திட்டினாலும் பரவால்லைங்க.

பனிக்காலன்:
திட்டலாம்னு சொல்லிட்டீங்க, அதனால திட்டறேன் நண்பா. இந்த பிளான் 7ஆம் நாள்லயே உடையுது. தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, சுக்குங் 4,730, அடுத்த நாள் காலையில 5,535ல கொங்மா லா, நடுவுல ஒரு நாள் கூட நிக்கல. 3,000க்கு மேல போனா தூங்குற எடம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒரு தடவ அதே எடத்துல இன்னொரு ராத்திரி தங்கணும். நாம்சேல தங்குறீங்க சரி, டிங்போச்சேலயும் ரெண்டு ராத்திரி கண்டிப்பா வேணும். அந்த ரெஸ்ட் நாள்ல ரூம்ல படுத்துறாதீங்க, பின்னாடி நங்கர்ஷாங்னு ஒரு மேடு இருக்கு, முடிஞ்ச வரைக்கும் ஏறிட்டு கீழ வந்து தூங்குங்க.

கோக்யோ ரியும் ரெஞ்சோ லாவும் ஒரே நாள்ல, இத யாரு சொல்லி குடுத்தது? ரெண்டுமே 5,360 கிட்ட, கோக்யோவே 4,790ல இருக்கு, முதல்ல ஏறி எறங்கி திரும்பவும் அதே ஒசரம் ஏறி அந்தப் பக்கம் லுங்டென் வரைக்கும் எறங்கணும். முடியுறவன் முடிப்பான், ஆனா 12 நாள் நடந்த காலோட வேணாம்.

எந்தப் பக்கம்னு கேட்டா கொங்மா லால இருந்துதான். ரெஞ்சோ லா பக்கம் ஆரம்பிச்சா தாமே, லுங்டென்னு போய் சட்டுனு ஒசரம் ஏறிடும், டிங்போச்சே சுக்குங் பக்கம் ஒடம்ப பழக்க நெறைய எடம் இருக்கு.

இப்ப முக்கியமானது. லுக்லா ஃப்ளைட்டுக்கு பஃபர் நாளே (கைல மிச்சமா வெச்சுக்கற நாள்) இல்ல. மேகம் எறங்கினா ரெண்டு மூணு நாள் ஒரு ஃப்ளைட்டும் வராது, சீசன்ல ராமேச்சாப்ல இருந்துதான் பறக்கும், அதுக்கே காட்மாண்டுல ராத்திரி ஒரு மணிக்கு ஜீப் ஏறணும். 17ஆம் நாள் காட்மாண்டு வருவோம்னு நம்பி 18க்கு ஊருக்கு டிக்கெட் போட்டா அந்த டிக்கெட் காசு போச்சுன்னு வெச்சுக்கோங்க.

என் யோசனை, பேஸ் கேம்ப வெட்டுங்க. அக்டோபர்ல அங்க எக்ஸ்பெடிஷன் கூடாரம் பெருசா எதுவும் இருக்காது, எல்லாம் ஏப்ரல், மே மாசத்துலதான், அங்க நின்னா எவரெஸ்ட் உச்சியும் தெரியாது. லோபூச்சேல இருந்து நேரா ஜொங்லா போயிட்டா ஒரு நாள் மிச்சம், அத டிங்போச்சேக்கு குடுங்க. கோக்யோல ஒரு நாள் கூட்டினா 19 ஆகுது, பஃபர் ரெண்டு சேத்தா 21. 18தான்னு அடம் புடிச்சா கொங்மா லாவையும் விட்டுட்டு டிங்போச்சேல இருந்து நேரா லோபூச்சே போங்க.

மேட்டுத்தெரு_ராஜா:
மேல சொன்னது எல்லாம் சரி, நான் ஒன்னே ஒன்னு சொல்லிட்டு போறேன். எங்க டீம்ல ஃபிட்டா இருந்தது ஒரு மாரத்தான் ஓடுற பையன், எல்லாருக்கும் முன்னாடி போய் லாட்ஜ்ல ரூம் புடிச்சு வெச்சிருப்பான். சுக்குங்ல சாயங்காலம் தலவலின்னான், ராத்திரி சாப்பாடு வேணாம்னான், நாங்க டயர்டுன்னு நெனச்சோம், அப்புறம் பாத்ரூம் போக எந்திரிச்சவன் குடிச்சவன் மாதிரி செவுத்த புடிச்சு நடக்குறான். எங்க கைடு ஒரு நேர்கோடு காட்டி ஒரு கால் வெரலுக்கு முன்னாடி இன்னொரு கால் குதிங்கால ஒட்டி வெச்சு நடந்து காட்டச் சொன்னாரு, மூணு அடி கூட வைக்க முடியல. மூளையில நீர் கோக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அந்த நேரத்துல விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, ஹெட்லேம்ப் போட்டு அப்பவே எறக்கினோம், டிங்போச்சே தாண்டி பெரிச்சே வரைக்கும். அங்க சீசன்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் கிளினிக் இருக்கும், ஆக்ஸிஜன் வெச்சாங்க, பையன் பொழச்சான்.

அதனால ஃபிட்னஸ் வேற, ஒசரம் வேற. 5,500ல காத்தோட அழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல பாதிதான், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினேன்னா அதுக்கு தெரியுமா என்ன?

டயமாக்ஸ், டாக்டர பாத்துட்டு போடுங்க, சாதாரணமா 125 மில்லிகிராம் ரெண்டு வேளை, ஏறுறதுக்கு மொத நாள்லயே ஆரம்பிக்கணும். சல்ஃபா அலர்ஜி இருக்கவங்க முன்னாடியே சொல்லிடணும். வெரல் ஜிவ்வுனு இருக்கும், ராத்திரி நாலு தடவ ஒன்னுக்கு போகணும், அதுல பயப்பட ஒன்னுமில்ல. மாத்திர போட்டதால வேகமா ஏறலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

கைடு விஷயம், 2023 ஏப்ரல்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு லைசன்ஸ் கைடு கட்டாயம்னு ரூல் போட்டாங்க, கும்பு பக்கம் லோக்கல்ல அத கண்டுக்கல, போறப்ப ஒரு தடவ விசாரிச்சுக்கோங்க. ரூல் எப்படியோ, சோ லாக்கும் தக்நாக் கோக்யோ நடுவுல இருக்க பனியாறுக்கும் தெரிஞ்ச ஆள் வேணும், அந்தப் பாதை வருஷா வருஷம் மாறும். தசைன் (நேபாளத்தோட பெரிய பண்டிகை) அக்டோபர்ல வந்தா எல்லாரும் ஊருக்கு போயிடுவாங்க, போர்ட்டர் கெடைக்கறது கஷ்டம், முன்னாடியே பேசி வையுங்க.

கோவை_நடையன்:
அண்ணா அந்த பையன் கதைய எங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன், ரெண்டு பேரு இன்னும் ரிப்ளையே போடல. சாமான் பத்தியும் சொல்லுங்களேன். கொங்மா லால கடை எதாச்சும் இருக்குமா?

பனிக்காலன்:
சுக்குங் விட்டா லோபூச்சே வரைக்கும் ஒரு டீக்கடை கூட இல்ல. எட்டு பத்து மணி நேரம் ஆகும், கடைசில கால் தளந்து போன நேரத்துல கும்பு பனியாற வேற தாண்டணும், ரெண்டு லிட்டர் தண்ணியும் மத்தியான சாப்பாடும் கட்டிக்கோங்க. சோ லாக்கு மைக்ரோஸ்பைக்ஸ் (ஐஸ்ல வழுக்காம இருக்க ஷூல மாட்டுற முள்ளு) கண்டிப்பா, அதுக்கு காலையில நாலு மணிக்கே கெளம்பிடணும், வெயில் ஏறினா மேற்கு பக்கம் கல்லு உருள ஆரம்பிக்கும். தண்ணி ஃபில்டர் கொண்டு போனா ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குள்ள வெச்சு தூங்குங்க, ஒரு தடவ உள்ள ஐஸ் கட்டிருச்சுன்னா அது செத்துச்சு, வெளிய பாத்தா தெரியாது. பவர் பேங்கும் அதே பைல.

லுக்லா ஃப்ளைட்ல மொத்தம் 15 கிலோதான். இன்சூரன்ஸ்ல எத்தன மீட்டர் வரைக்கும்னு எழுத்துல வாங்குங்க, 6,000 வரைக்கும் ஹெலிகாப்டரோட சேத்து இருக்கணும், நம்மூரு பாலிசி நெறையது அவ்ளோ ஒசரத்துக்கு வராது. இந்தியன்னா விசா வேணாம், பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ போதும், ஆதார காட்டினா ஏர்போர்ட்ல ஏத்தமாட்டான். சாகர்மாதா பார்க் டிக்கெட்டும் சார்க் (தெற்காசிய நாட்டுக்காரங்க) ரேட்ல 1,500 நேபாள ரூபா பிளஸ் வரி, மத்த வெளிநாட்டுக்காரனுக்கு அது 3,000.

ட்ரெயினிங்க்கு வெள்ளியங்கிரிய விட பர்வதமலை நல்லது, பத்து கிலோ பைய மாட்டிட்டு ஏறுங்க, எறங்கறப்பவும் பைய கழட்டாதீங்க, முட்டி போறது எறங்கறப்பதான்.

கோவை_நடையன்:
ரொம்ப நன்றிங்க. இன்னும் மூணு நாள் லீவு சேத்து 21 நாள் ஆக்கிட்டேன், மேனேஜர் மூஞ்சிதான் சரியில்ல. பேஸ் கேம்ப வெட்டலாம்னு சொன்னதுக்கு ஒருத்தன், அங்க பேரு எழுதியிருக்க அந்த கல்லு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுக்கலன்னா ஊர்ல எவன் நம்புவான்னு சண்ட போடுறான். அவன் மட்டும் லோபூச்சேல இருந்து தனியா போயிட்டு வரட்டும்னு சொல்லிட்டோம், அதுக்கும் முறைக்கறான்.